விளக்குக்கு மேலே ஐம்பது பலூன்

ஒரு புத்தகமும் படிக்காதவனால் ஊருக்கு ஆபத்து இல்லை. பத்துப் புத்தகம் படித்தவனாலும் இல்லை. ஒரு புத்தகத்தில் பாதியைப் படித்துவிட்டு மைக் பிடிக்கிறானே, அவனைத்தான் தென்னைமரத்தில் கட்டிப்போட வேண்டும். நான் அந்த மூன்றாவது வகை. என்னை யாரும் கட்டிப்போடவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. இன்ஜினியரிங் முடித்து, வேலை கிடைக்காமல் (தேடாமல் என்று வீட்டில் சொல்வார்கள், இரண்டும் உண்மை) ஃபோனில் தத்துவம் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சுதந்திரவாதம் என்று அதற்குப் பெயர். ஒருவனுடைய உடம்பும் சொத்தும் அவனுக்கே உரியவை, அதில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது, எதுவானாலும் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! முற்றத்தில் விழுந்த தேங்காயை எடுத்துப் போடு என்று அம்மா சொன்னால்கூட, "நான் சம்மதிக்கவில்லை" என்பேன். (அம்மா துடைப்பத்தை எடுத்ததும் சம்மதம் தானாக வந்துவிடும்.)

இந்தத் தத்துவக்காரர்களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு. நான் ஆபத்தான ஒரு பொருளை வைத்திருக்கிறேன், அது இன்னும் வெடிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேனா, இல்லையா? ஒரு கட்சிக்காரர்கள் செய்துவிட்டாய் என்பார்கள். கேட்காமல் ஒருவன் தலைமேல் ஆபத்தைக் கொண்டுபோய் வைப்பதே அத்துமீறல் என்பது அவர்கள் வாதம். அப்படிப் பார்த்தால் ஒருவனும் அடுப்பு மூட்ட முடியாது, வண்டி ஓட்ட முடியாது, வெடித்தால் நஷ்டஈடு கொடு, அதுவரை உன் பாட்டைப் பார் என்பது இன்னொரு கட்சி. நான் இந்த இரண்டாவது கட்சியில் தீவிர உறுப்பினன். நஷ்டஈடு கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதவர்கள் எல்லாரும் அந்தக் கட்சியில்தான் இருந்தோம்.

அதே நாட்களில்தான் ஹைட்ரஜன் மோகமும் பிடித்தது. நாளைய எரிபொருள், எரித்தால் தண்ணீர்தான் மிஞ்சும், லைசென்ஸ் லைசென்ஸ் என்று அரசாங்கம்தான் அதை முடக்கிப் போட்டிருக்கிறது என்பது என் கண்டுபிடிப்பு. அதன் பாதுகாப்பைப் பற்றியும் படித்தேன். பெட்ரோல் சிந்தினால் தரையில் தேங்கி நின்று எரியும், ஹைட்ரஜனோ காற்றைவிட லேசு, கசிந்த நிமிடமே மேலே போய்க் கலைந்துவிடும் என்று எழுதியிருந்தது. அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டேன். அது திறந்தவெளிக்கு மட்டும்தான், கூரைக்குக் கீழே கதை வேறு என்று அடுத்த பக்கத்தில் இருந்ததாம். பிறகு ஒரு ஃபயர் ஸ்டேஷன் அதிகாரி எனக்கு அதை வாசித்துக் காட்டினார்.

இத்தனை அறிவையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்ட முடியுமா? எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்கம் ஏற்பாடு செய்தேன். தலைப்பு, 'ஹைட்ரஜனும் தனிமனித சுதந்திரமும்'. தொடக்கிவைக்க நகரத்திலிருந்து தத்துவப் பேராசிரியர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டார். கூட்டம் தொடங்கியதும் அவர் ஐம்பது பலூன்களை வாசலில் கொண்டுபோய்ப் பறக்கவிட வேண்டும். உள்ளே ஹைட்ரஜன், வெளியே சுதந்திரம். அந்த யோசனை தோன்றிய இரவு எனக்குப் பெருமையில் தூக்கமே வரவில்லை. (தூங்கித் தொலைத்திருக்கலாம்.)

வெள்ளறடையில் தாசன் அண்ணன் என்று ஒருவர், திருவிழாக்களில் பலூன் விற்பவர். காலை ஏழு மணிக்கே சிலிண்டரோடு ஆட்டோவில் வந்து, வாசகசாலை முற்றத்தில் நின்று ஐம்பதையும் நிரப்பிக் கட்டித் தந்தார். தந்தவர் சும்மா போகவில்லை.

"மக்கா, இது ஹைட்ரஜனாக்கும். வெலை கொறவு, ஆனா கொணம் மோசம். தீயும் இதும் ஒரு கூரைக்குக் கீழ இருக்கப்படாது. பக்கத்துல ஒருத்தன் பீடி வலிச்சாக்கூட போச்சு, கேட்டியா?"

"அது எனக்க பொறுப்பு அண்ணே" என்றேன். இந்த உலகத்தில் இதைவிட மோசமான வாக்கியம் ஒன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. பொறுப்பு என்றால் என்ன என்று தெரியாதவன்தான் அதை இவ்வளவு சுளுவாகச் சொல்வான்.

வாசகசாலை செக்ரட்டரி மணியன் அண்ணன் பலூன்களைப் பார்த்ததும் கேட்டார்: "எலே ஜயா, இதுக்குள்ள என்ன காஸாக்கும்?"

"பலூன் காஸாக்கும் அண்ணே."

"ஓ, பலூன் காஸா? அப்பம் சரி."

பொய் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஹைட்ரஜன் என்று சொன்னால் மனிதர் பயந்து உள்ளே விடமாட்டார், அவருடைய மூடப் பயத்துக்கு நான் ஏன் அடங்க வேண்டும் என்று வாதம் வேறு. சம்மதம் சம்மதம் என்று தொண்டை கிழியக் கத்தியவன், சம்மதிக்க வேண்டியவரிடம் விஷயத்தையே மறைத்தேன். அதோடு விட்டேனா? சுவரில் 'புகை பிடிக்கக் கூடாது' என்று ஒரு போர்டு தொங்கியது. தடை என்பது அடக்குமுறை என்று சொல்லி அதையும் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகினேன். என்னை அறையத் தோன்றுகிறதா? எனக்கும்தான்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷைலா அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேரள பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிப்பாள். தலையணை கனத்துக்கு ஒரு ராங்க் ஃபைல் (பி.எஸ்.சி. கைடுக்கு இங்கே அதுதான் பெயர்), அட்டை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியது, எப்போதும் கையில் இருக்கும். அடுத்த சனிக்கிழமை கிளார்க் பரீட்சை. வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி. நானோ அரசாங்க உத்தியோகமே அடிமைத்தனம் என்று அவள் படிக்கும் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பிரசங்கம் செய்வேன். அவள் தலை நிமிராமல், "போலே, தண்ணி கோரி வை" என்பாள்.

எங்கள் ஊரில் கடவுள் வாழ்த்து இல்லாமல் கூட்டம் தொடங்காது. பாட வேண்டிய பெண்ணுக்கு அன்று காய்ச்சல். வீட்டுக்கு ஓடினேன்.

"எனக்கு வரலாறு அப்படியே கிடக்கு மக்கா. நீ வேற ஆளப் பாரு."

"மூணு நிமிஷம் அக்கா. பாடிட்டு ஒடனே வந்துரலாம்."

"ஒனக்க மூணு நிமிஷம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பாலராமபுரம் கைத்தறிப் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தம்பி மேடையில் அசிங்கப்படக் கூடாதாம்.

பத்து மணிக் கூட்டம். பேராசிரியர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். மனிதனின் நேரம் மனிதனின் சொத்து என்று எழுதியவர், அறுபது பேருடைய சொத்தில் இரண்டே கால் மணிநேரத்தைத் தின்றுவிட்டு, "வழியில் பிளாக்காயிருந்நு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஏனென்றால் அந்த நேரத்துக்குள் பலூன்கள் தளர்ந்துவிட்டன. காலையில் விட்டத்தை முட்டிக்கொண்டு நின்றவை, காஸ் மெல்லக் கசிந்து, மேடைக்கு மேலே ஆள் உயரத்துக்கு இறங்கி ஆடிக்கொண்டிருந்தன. சீலிங் ஃபேன் காற்று அவற்றைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தது. இந்தக் கதையில் உருப்படியாக வேலை செய்தது அந்த ஃபேன் ஒன்றுதான்.

அடுத்தது உத்காடனம், அதாவது தொடக்கவிழா. இங்கே எந்தத் தொடக்கவிழாவும் நிலவிளக்கு கொளுத்தாமல் நடக்காது. பஞ்சாயத்துக் கக்கூஸ் திறந்தாலும் ஐந்து திரி போட்டு விளக்கு கொளுத்துவார்கள். அரசாங்கத்தின் சட்டம் ஒவ்வொன்றையும் எதிர்த்து மாதக்கணக்கில் யோசித்தவனுக்கு இந்த விளக்கு நினைவிலேயே வரவில்லை. நோட்டீசில் 'பத்ரதீபம் கொளுத்தி' என்று அச்சடித்ததும் நான்தான். பீடியைப் பற்றித்தானே தாசன் அண்ணன் சொன்னார்? விளக்கு வேறே அல்லவா, விளக்கு மங்களமல்லவா! ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்குக்கூட அன்று அது தீ என்று தோன்றவில்லை.

அக்கா பாடி முடித்தாள். மணியன் அண்ணன் அவள் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கொடுத்து, பேராசிரியரிடம் கொடுக்கச் சொன்னார். ஃபேன் காற்றில் சுடர் படபடத்தது. அக்கா வலது கையைக் குவித்து அதை மறைத்துப் பிடித்தாள். இரண்டு தரம் அணைந்தது. எனக்குப் பொறுமை போயிற்று.

"அந்த ஃபேன ஆஃப் செய்யுங்கப்பா!" என்று கத்தினேன்.

வாழ்க்கையில் நான் போட்ட முதல் உத்தரவு அது. அதிகாரத்துக்கு எதிரானவன் போட்ட உத்தரவை ஊரே மதித்தது. ஃபேன் நின்றது. மணியன் அண்ணன் மூன்றாம் தரம் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கொடுக்க, அக்கா அதோடு விளக்கருகே நின்றாள். சுவரோரம் ஒதுங்கியிருந்த ஐம்பது பலூன்களும் மெதுவாக அசைந்து திரும்பி வந்து, விளக்குக்கு நேர் மேலே இறங்கின.

கதவை ஓங்கி அடித்தது மாதிரி ஒரு சத்தம். ஒரு செம்மஞ்சள் வெளிச்சம். அவ்வளவுதான், அடுத்த நொடி அங்கே பலூனும் இல்லை, காஸும் இல்லை. என் புருவம் இரண்டும் இல்லை. பேராசிரியரின் மீசையில் இடது பாதி இல்லை. மீதிப் பாதியோடு அவர் "எந்தா இது? எந்தா இது?" என்று மேடையைச் சுற்றிக்கொண்டிருந்தார். மணியன் அண்ணன் மேசையிலிருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கி முதலில் என் தலையில் ஊற்றினார். அப்புறம்தான் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். சுடருக்கு மறைவு கட்டிய அந்த வலது கையை அவள் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஒரு மணிநேரத்தில் அரசாங்கம் மொத்தமும் எனக்காக ஓடி வந்தது. ஃபயர் இன்ஜின் வந்தது, போலீஸ் வந்தது, அரசாங்க ஆம்புலன்ஸ் வந்தது. அரசாங்கமே வேண்டாம் என்று பேனர் கட்டியவன் அந்தப் பேனருக்குக் கீழே நின்று, "சார், சீக்கிரம் சார்" என்று அழுதேன். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அக்காவோடு போனேன். அமரவிளை பாலம் தாண்டும்போது அவள் கேட்டாள்.

"எலே, அது தீ பிடிக்குமுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருந்தா நான் மாறி நின்னிருப்பேனே மக்கா."

மூன்று வருடம் ஃபோனில் நான் கேட்ட தத்துவமெல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துபோயிற்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுவதற்குப் புருவம் தேவையில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இரவு, ஃபோனில் எங்கள் தத்துவக் குழுவில் நடந்ததை எழுதிப் போட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று நினைத்த முட்டாள் நான். ஒருவன் எழுதினான்: 'மெழுகுவர்த்தியை அவர் தாமாகவே கையில் வாங்கியிருக்கிறார். ஆகவே அதிலுள்ள ஆபத்துக்கும் சம்மதித்ததாகவே கொள்ள வேண்டும்.' அதற்குப் பதினாறு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். ஃபோனைச் சுவரில் எறிந்தேன். (அது என் சொத்துதானே.) எனக்குக் கோபம் அவன்மேல் மட்டும் இல்லை. முந்தின நாள் என்றால் பதினேழாவது கட்டைவிரல் என்னுடையதாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அக்கா வலது கையில் கட்டோடு பரீட்சைக்குப் போனாள். இடது கையால் விடைத்தாள் கட்டங்களைக் கறுப்பாக்கினாள். பாதிக் கேள்விக்கு வந்தபோது மணி அடித்துவிட்டதாம், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பெண் என்னிடம் சொன்னாள். பட்டியல் வந்தபோது நான் ஐந்து தரம் மேலிருந்து கீழே தேடினேன், அவள் எண் இல்லை. அவள் ஒரு தரம் பார்த்தாள். பிளாஸ்டர் ஒட்டிய ராங்க் ஃபைலைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் துணிக்கடைக்குப் போய்விட்டாள்.

எங்கள் கட்சி விதிப்படி இனி நான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, அந்தப் பரீட்சைக்கு நான் என்ன ஈடு தரணும்?"

"சாயா போட்டுத் தா. சீனி கொறவா" என்றாள்.

கேட்க வேண்டியவள் கேட்காமலே விட்டுவிட்டால் என்ன செய்வது என்று அந்தத் தத்துவத்தில் ஒருவனும் எழுதி வைக்கவில்லை. பின்பாதியையும் படித்துப் பார்த்துவிட்டேன்.

வருடங்கள் ஆயிற்று. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கு விளக்கு கொளுத்தினாலும், "மேல பாத்தாச்சா?" என்று யாராவது ஒருவர் கேட்பார், மொத்தக் கூட்டமும் மோட்டுவளையைப் பார்க்கும். போன மாதம் மாமா மகனின் புதுவீட்டுப் பால்காய்ச்சிலும் அப்படித்தான். கேட்டால் போதும், கதை சொல்ல அக்காவைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அவளைப் போல அதைச் சொல்ல ஆள் இல்லை. "பலூன் காஸாக்கும் அண்ணே" என்று என் குரலிலேயே சொல்வாள். அரை மீசையோடு பேராசிரியர் சுற்றியதை நடந்தே காட்டுவாள். என் தலையில் ஜக்கைக் கவிழ்த்த இடம் வரும்போது சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். சிரிக்காதீர்கள் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருக்கும் எனக்கு.

ஆனால் ஆம்புலன்ஸ் வந்ததும் அவள் நிறுத்திவிடுவாள். "அம்புட்டுதான் கதை" என்று சொல்லி, புடவைத் தலைப்பை வலது கைக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.