கீசரை அணைத்தேனா?

பேருந்து வோலோஸ் துறைமுகத்தைத் தாண்டும்போதுதான் மிர்சினிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கீசரை அணைத்தேனா?

காயாத கூந்தலில் அவளுக்குப் பிடிக்காத எலுமிச்சை சோப்பின் மணம். குளித்தது நிச்சயம். சுவிட்சைத் தட்டியதுதான் நினைவில் இல்லை. இன்று நகர மன்றத்தில் அவளுக்கு மாதிரி வகுப்பு. தலைப்பு, 'ஓடும் மனதை நிறுத்துவது எப்படி'. நன்றாக நடத்தினால் வேலை. இல்லையென்றால் மறுபடியும் மாமாவின் மீன்கடை.

கீசர் வெடிக்கும். வீடு எரியும். எரிந்த வீட்டுக்கும் வாடகை கேட்பார்களோ? மீன்கடையில் படுக்க இடமிருக்குமா?

மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு எவான்தியா அம்மாளிடம் இருந்தது. அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. தம்பி லூகாஸை அழைத்தாள்.

"சாவி இல்லாம எப்படிக்கா பாக்கறது?"

"கதவுகிட்ட மூக்க வச்சு மோந்து பாரு."

சற்று நேரத்தில் அவனே அழைத்தான். "கருகுற வாடை லேசா வருதுக்கா. உன் வீடா பக்கத்து வீடான்னு தெரியல. எதுக்கும் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிட்டேன்."

வகுப்பு தொடங்கியது. கடைசி வரிசையில் மன்றத் தலைவர் ஸ்கார்லாத்தோஸ் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"கண்ண மூடுங்க. தலைக்குள்ள எது ஓடினாலும் ஓடட்டும், துரத்தாதீங்க."

"உனக்கு என்ன ஓடுதும்மா? மூஞ்சி வெளிறிக் கெடக்கே," என்றார் முன்வரிசை பனாகோஸ், கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

பொய் சொல்ல வரவில்லை. "கீசர அணைச்சேனான்னு..."

ஒரு கண் திறந்தது. பிறகு எல்லாக் கண்களும்.

"நான் அணைச்சேனா?" என்றார் பனாகோஸ்.

"எங்க வீட்டுல அவருதான் கடைசியா குளிச்சாரு. அந்த மனுஷன் என்னிக்கு அணைச்சிருக்காரு," என்று ஒரு பெண்மணி பையைத் தூக்கினாள்.

நாற்காலிகள் நகர்ந்தன. கூடம் காலியானது. ஸ்கார்லாத்தோஸும் ஒரு கையைக் கோட்டில் நுழைத்தபடி எழுந்தார்.

"வர்றவங்க தலையில எப்பவும் ஆயிரம் யோசனை ஓடும். இன்னிக்குத்தான் எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு ஓடுது. வேலை உனக்குத்தான். நான் வீடு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

லூகாஸ் அழைத்தான். "கதவ உடைச்சுட்டாங்கக்கா. கீசர் சில்லுன்னு இருக்கு. என்னைத் திட்டிட்டுப் போயிட்டாங்க."

மிர்சினி காலி நாற்காலி ஒன்றில் சாய்ந்தாள். பல நாள் கழித்துத் தலைக்குள் எதுவும் ஓடவில்லை.

கைப்பேசி ஒலித்தது. எவான்தியா அம்மாள். பின்னால் கப்பல் சங்கு.

"கூப்பிட்டியா கண்ணு? ஏறுற அவசரத்துல பாக்கல. மக வீட்டுக்கு, தீவுக்குப் போறேன். வர ஒரு வாரம் ஆகும்."

"ஒண்ணுமில்லம்மா. என் கீசர் எரியுதோன்னு பயந்துட்டேன். அணைஞ்சுதான் இருக்காம்."

"உன்னோடதுதான் கெட்டுப் போயிடுச்சே, காலையில என் வீட்டுலதானே குளிச்சே. ஆமா, என்னோடத அணைச்சியா?"