பிப்ரவரி ஒன்றாம் தேதித் தாள்

தோஹா,
ஜனவரி 18.

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மதினி பொன்மணி அவர்களுக்கு, உங்கள் கொழுந்தன் பாலகுரு கைகூப்பி எழுதுவது. இங்கே நான் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் அண்ணனும் இசைவாணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிப்ரவரி ஒன்றாம் தேதி வரைக்கும் கண்டிப்பாகச் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதற்குப் பிறகு என்ன ஆகுமோ என்று நினைத்துத்தான் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். போன் செய்தால் அண்ணன் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். கீழ்வீட்டுக்காரர்கள் வரைக்கும் கேட்டுவிட்டு நடுவில் அவர்களும் நலம் விசாரிப்பார்கள். தப்பித்தவறி நீங்களே எடுத்து, "தம்பி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டால் எனக்கு அதற்கு மேல் பேச்சே வராது. நாரணாபுரத்து முனியராஜ் அண்ணன் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர், இன்றைக்கு லீவில் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கோடாலித் தைலம் நாலு பாட்டில், பேரீச்சம்பழம் இரண்டு கிலோ, இசைவாணிக்கு ஒரு கைப்பை, அதோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். தைலத்தை முதலில் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்புறம் படியுங்கள்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் பிப்ரவரி ஒன்றாம் தேதித் தாளை இந்த நிமிடமே உருவி, பின்பக்கத்தைப் பார்க்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். பின்பக்கத்தைப் பார்க்காதே என்று யாராவது எழுதினால் எவராக இருந்தாலும் முதல் வேலையாகப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள், அது எனக்கும் தெரியும். அதனால் அதில் என்ன இருக்கிறது என்பதை நானே சொல்லித் தொலைக்கிறேன். சொல்வதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நான் இன்டர்நெட்டில் ஒரு வலைப்பூ எழுதுகிறேன், அதில் இந்த ஊர்ச் சாப்பாடு, ரூம் வாழ்க்கை, அன்றாடம் நடப்பது எல்லாம் வரும் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என்ன வரும் என்பதை மட்டும் சரியாகச் சொல்லவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் இங்கே வந்து, மூன்று மாதம் குப்பூஸ் ரொட்டியும் டின் மீனும் தின்று வயிறு கெட்டுப் படுத்திருந்தபோது, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீங்கள்தான் போனில் சமையல் சொல்லித் தந்தீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் பட்டாசு ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், சாயங்காலம் வேன் இறக்கிவிட்டதும் வீட்டுக்கு நடந்துகொண்டே சொல்வீர்கள். ரோட்டில் லாரி ஹாரனுக்கு நடுவில் ரசம் படித்தவன் நான். அப்படிக் கற்றுக்கொண்டு முதல் தடவை கடுகு தாளித்த அன்று எங்கள் கட்டடத்தில் புகை அலாரம் அடித்து, ஐந்து மாடி ஆட்களும் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார்கள். வாட்ச்மேன் என்னைப் பிடித்து, உனக்கு எந்த ஊர் என்று கேட்டார். உலகத்துக்கே பட்டாசு செய்கிற ஊர் என்று பெருமையாகச் சொன்னேன். அன்றிலிருந்து என் ரூம் வாசலில் மட்டும் இரண்டு தீயணைப்பு சிலிண்டர் நிற்கிறது. இதைத்தான் முதல் பதிவாக எழுதினேன். பதினோரு பேர் படித்தார்கள், அதில் ஆறு பேர் என் ரூமிலேயே இருக்கிறவர்கள்.

அப்புறம் நீங்கள் சொல்லித் தந்த ஒவ்வொன்றையும் எழுத ஆரம்பித்தேன். போனில் தட்டுவதால் ஒவ்வொன்றும் பத்து வரிதான். கருவாட்டுக் குழம்பு, சீரணி, கேப்பைக் களி, எல்லாம் உங்களுடையது. மதினி, இங்கேதான் முதல் அசிங்கம். உங்கள் பேரை எங்கேயும் போடவில்லை. "பாலைவனத்தில் நானே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது" என்று போட்டேன். ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா, உங்களுக்கு எப்படித் தம்பி இந்தக் கைப்பக்குவம் வந்தது என்று கேட்டார்கள். பட்டறிவுதான் அம்மா என்று பதில் எழுதினேன். எழுதிய கையை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இருந்தாலும் கூட்டம் வரவில்லை. முப்பத்தொரு பதிவு போட்டும் நாற்பது பேரைத் தாண்டவில்லை. முப்பத்திரண்டாவது பதிவில்தான் சனியன் பிடித்தது. வெறும் சாம்பார் செய்முறையாக எழுதினால் எவன் படிப்பான் என்று, ஊரில் எனக்கு ஒரு மதினி இருக்கிறார், அவர் சாம்பாரில் பருப்பைத் தேடிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை, அவர் சுடும் வடையைத் திரி வைக்காத அணுகுண்டு என்று பெட்டியில் போட்டு விற்கலாம், அதையெல்லாம் தின்று தப்பித்தவன் கண்டுபிடித்த நல்ல சாம்பார் இதோ என்று ஆரம்பித்து, உங்கள் சாம்பாரையே கீழே எழுதிவிட்டேன். அன்று ராத்திரிக்குள் இருநூறு கமெண்ட். கனடாவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, பக்ரைனிலிருந்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. மதினியைப் பற்றி இன்னும் எழுதுங்கள் என்றார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா?

அந்த ஒரே ஒரு பதிவுதான் என்று சொல்ல ஆசை. சரி, பங்குனியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. பொய் எதற்கு, நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன், மொத்தம் பதினேழு.

இது காலண்டருக்கு எப்படி வந்தது என்பது அண்ணன் செய்த உபகாரம். போன ஆடி பதினெட்டுக்குப் புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடும்போது அவர் வேலை பார்க்கும் பிரஸ் முதலாளி, பத்து வருடமாக ஒரே மூல வியாதி மருந்தைப் பின்பக்கத்தில் போட்டுப் போட்டு ஆர்டர் குறைகிறது, இந்த வருடம் புது மேட்டர் வேண்டும் என்று சலித்துக்கொண்டாராம். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "எந்தம்பி வெளிநாட்டுல இருந்து சமையலப் பத்தி எளுதுறான் மொதலாளி, நாலாயிரம் பேரு படிக்காக" என்றிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சர்ப்ரைஸாம். பொங்கலன்று இசைவாணி வாட்ஸப்பில் காலண்டர் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியபோதுதான் என் மூஞ்சியே அதில் இருப்பதைப் பார்த்தேன். அடியில் "சமையல் குறிப்புகள்: வெளிநாடு வாழ் பாலகுரு" என்று சிவப்பு எழுத்து. உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, எதையெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டேன். "ஏலே, நீ எளுதுன வரிசையில அப்பிடியே ஒண்ணாந்தேதியில இருந்து நாளுக்கு ஒண்ணு போட்டாச்சுலே, ஒரு எளுத்தக்கூட வீணாக்கல!" என்றார் சந்தோஷமாக. அந்த மனுசன் ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஜனவரியில் முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது, பிப்ரவரி ஒன்று, ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இசைவாணியைப் பேசி முடிக்க சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை சரவணக்குமார் வீட்டார் வருகிறார்கள் என்று நீங்களே எனக்குச் சொன்னீர்கள். போன தடவை பெண் பார்க்க வந்தபோது வழக்கப்படி காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இந்தத் தடவை சம்மதம் என்று காட்ட மதியம் கை நனைக்கப் போகிறார்கள். கூடத்தில் உட்காருவார்கள். எதிரே காலண்டர். வருகிறவர் எவராவது தேதியைக் கிழித்துப் பின்பக்கம் படிப்பார், மதினி சாம்பாரில் பருப்பைத் தேடிப் போனவர்கள் கதையைச் சத்தமாகப் படிப்பார், உள்ளேயிருந்து நீங்கள் சாம்பார் வாளியோடு வருவீர்கள். இந்த இடம் வரைக்கும்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. போதாக்குறைக்கு அண்ணன் தன் கையாலேயே சாத்தூர் வீட்டுக்கும் ஒரு காலண்டர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எப்பாடுபட்டாவது அந்தத் தாளையும் கிழிக்க வழி பாருங்கள். வீட்டில் கணக்கு எழுத வெள்ளைத் தாள் இல்லை, ஒரே ஒரு தாள் கொடுங்கள் என்று கேட்டால்கூடப் போதும். இல்லை, வேண்டாம், அது கேவலமாக இருக்கும். நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வளர்த்தேன். அந்தப் பதிவின் கடைசியில், மதினி பட்டாசு ஆபீசில் வேலை பார்ப்பதால் அவர் சாம்பாரில் பெருங்காயத்துக்கு மேலே மருந்து வாடை அடிக்கும் என்று ஒரு வரி எழுதினேன். பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து திணித்துவிட்டு வந்து, விரல் இடுக்கெல்லாம் வெள்ளி வெள்ளியாக இருக்க, சீயக்காய் போட்டு மூன்று தடவை கையைக் கழுவி, மோந்து பார்த்துவிட்டுத்தான் நீங்கள் அரிசிப் பானையைத் தொடுவீர்கள். நான் உங்கள் வீட்டில் இருந்த ஏழு வருடமும் பார்த்திருக்கிறேன். பார்த்தவன்தான் அதை எழுதினேன். அந்த வரிக்குத்தான் ஜனம் அதிகமாகச் சிரித்தது. நானும் ரூமில் எல்லாருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது மதினி. வெட்கங்கெட்டவன் என்று நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் இறங்கும். நீங்கள் சொல்ல மாட்டீர்கள், அதுதான் கஷ்டம்.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். மற்ற பதினாறையும் முனியராஜ் அண்ணனிடம் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர் வீட்டுக்கு வந்து டீ குடிக்கிற சாக்கில் ஒவ்வொன்றாக உருவிவிடுவார். காலண்டர் மெலிந்து போனதை அண்ணன் கவனித்தால் எலி என்று சொல்லிவிடுங்கள். வலைப்பூவை இன்றோடு மூடுகிறேன். இனிமேல் நான் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் என் கை விளங்காது.

அண்ணனுக்கு என் வணக்கம். காரியம் நல்லபடி முடிந்து, பதினாறும் பெற்று இசைவாணி பெருவாழ்வு வாழச் சித்தப்பாவின் ஆசி. சாத்தூரார் வயிறும் மனசும் நிறைய எழுந்து போக மாரியம்மன் துணை இருப்பாள். உங்களிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் முடிக்கும்,

கொழுந்தன்,
பாலகுரு.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு மனசு கேட்காமல், வீட்டில் யாராவது காலண்டரை முன்கூட்டிப் புரட்டினீர்களா என்று இசைவாணிக்குப் போனில் தட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் அவள் போனிலிருந்து வாட்ஸப்பில் உங்கள் குரல் பதிவாகி வந்தது. நீங்கள் பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன், அப்போதாவது எனக்கு உறைக்கட்டும்:

"காலண்டர யாரு தம்பி தேதி பாத்துப் படிக்கா? வந்த அன்னைக்கே ஊரே பொரட்டிப் படிச்சிருச்சு. உங்க அண்ணனுக்குப் பொடி எளுத்து தெரியுதா என்ன? தீவாளி முடிஞ்சு கம்பெனி லீவுல கெடந்தப்ப புரூப்ப எங்கிட்டத்தான் கொண்டாந்து குடுத்தாரு. முன்னூத்தி அறுவத்தஞ்சையும் நாந்தான் படிச்சுத் திருத்துனேன். என்னயப் பத்தி பத்தொம்பது எடத்துல எளுதியிருக்கீக. எளுதிட்டுப் போங்க, படிக்கிறவுக சிரிக்கட்டும். அந்த மருந்து வாடை வரிய மட்டும் எடுத்துட்டேன். எனக்காக இல்ல தம்பி. எங்கூட வேல பாக்குற பொம்பளைக அம்புட்டுப் பேரு வீட்டுலயும் இந்தக் காலண்டர்தான் தொங்குது. பெறகு, புளி எலுமிச்சங்கா அளவுன்னு போட்டிருந்தீக, நெல்லிக்கா அளவுன்னு மாத்திட்டேன், சனங்க படிச்சிட்டு வச்சுப் பாப்பாகல்ல. சாத்தூர்க்காரவுகளும் அன்னைக்கு அந்தச் சாம்பார்தான் வைக்கணும்னு சொல்லிவிட்டிருக்காக."

எனவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. எதையும் கிழிக்க வேண்டாம், எலி மேல் பழி போட வேண்டாம், முனியராஜ் அண்ணன் வந்தால் டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் கீழே டாக்சியில் உட்கார்ந்துகொண்டு கத்துகிறார். இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பிரித்தேன். ஆனால் மதினி, நீங்கள் வைக்கிற சாம்பார் நன்றாக இருக்கும். ஒன்பது வருடமாக என்னென்னவோ எழுதியிருக்கிறேன், இதை மட்டும் ஒரு இடத்திலும் எழுதவில்லை.