புளியோதரையோடு ஒரு பாய்மரப் பயணம்

தண்ணீருக்கு நடுவே பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மடை திறக்கத் தெரிந்தவன் எல்லாம் மாலுமி ஆகிவிட முடியாது என்பதற்கு நானே சாட்சி.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய புதிது. (பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எடுத்துக் கொடுத்தேன்.) நாகப்பட்டினம் பக்கம் மூடிக் கிடந்த ஒரு கடற்கரை விடுதியில், அடியில் ஓட்டை விழுந்த சின்ன ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்தேன். பார்த்ததும் புத்தி போய்விட்டது. வீட்டுக் கொல்லையில் டிராக்டரை வெயிலில் நிறுத்திவிட்டு, அதன் ஷெட்டில் படகை விலைக்கு வாங்கி வந்து ஏற்றினேன்.

சித்திரை வெயிலில் ஓட்டை அடைக்கிற ரெசின் பசையோடு, அதை இறுக வைக்கும் ஹார்டனரைச் சர்பத்துக்கு ஊற்றுவதுபோல் தாராளமாக ஊற்றிக் கலக்குவேன். ஒட்ட வேண்டிய ஃபைபர் நார் விரிப்பை வெட்டிவிட்டுத் திரும்புவதற்குள் வாளியும் பிரஷும் சேர்ந்து ஒரே கல்லாகிவிடும். வீட்டில் ஒவ்வொரு வாளியாகக் காணாமல் போனது. உடம்பெல்லாம் நார் குத்தி, கல்யாணப் பந்தியில்கூடச் சொறிந்துகொண்டே உட்கார்ந்தேன். என் மனைவி மல்லிகா பொறுத்துப் பார்த்தாள்.

"ஆடிப்பெருக்குக்குள்ள இது ஆத்துல ஓடணும். ஓடுனா ஷெட்டு உங்களுக்கு. இல்லன்னா பழைய சாமான்காரர் வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு. அப்புறம் அழக்கூடாது."

ஓட்டையை அடைத்தேன். பாய்மரத்துக்கு மூங்கில், பாய்க்குக் களத்தில் நெல் மூடுகிற நீலத் தார்ப்பாய். (அழகாக இருந்ததா என்று கேட்காதீர்கள்.) பாயைப் பிடிக்கிற கயிற்றை, வைக்கோல் பாரம் கட்டுகிற முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அது இழுக்க இழுக்க இறுகும். எங்கள் பக்கம் அதைவிட நம்பகமான முடிச்சு கிடையாது.

ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊர் வெட்டாறு கரை தொட்டு ஓடியது. மல்லிகா படகின் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மொத்தக் குடும்பத்துக்குமான புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதப் பாத்திரங்களை உள்ளே வைத்துப் படைத்தாள். கற்பூரம் அணைவதற்குள் நான் கெத்தாக ஏறி உட்கார்ந்து பாயை விரித்தேன்.

ஆடிக் காற்று கிழக்கு நோக்கி அடிக்கும். ஆறும் கிழக்கு நோக்கித்தான் ஓடும். இரண்டும் தெரிந்த எனக்கு, திரும்பி வருவது எப்படி என்று மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை. படகு பறந்தது. பாயை இறக்கலாம் என்றால் முடிச்சு அவிழவே இல்லை. கரையில் மச்சினன் செந்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"மாமா! புளியோதரை! மாமா, புளியோதரை!"

(என் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.)

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படித்துறைக்குப் படித்துறை பெண்கள் குலவை போட்டார்கள், பிள்ளைகள் கையாட்டினார்கள். பயம் இருந்தாலும், அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அடுத்த ஊர் நடைபாலம் தாழ்வானது. மூங்கில் மடாரென்று முறிந்து, தார்ப்பாய் என்னைப் போர்த்தியது. படகு தூணில் முட்டி நின்றது. படித்துறையில் இருந்தவர்கள் இறங்கி இழுத்துக் கரை சேர்த்தார்கள். மாலையையும் குங்குமத்தையும் சோற்றுப் பாத்திரங்களையும் பார்த்த ஒரு பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கோயில் படகுங்க? பிரசாதம் குடுப்பீங்களா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். படகு ஓட்டத் தெரியாதவன் என்பதைவிடப் பூசாரி என்பது கௌரவமாகப் பட்டது. எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்லி, என் கையாலேயே வழங்கினேன்.

ஸ்கூட்டரில் துரத்தி வந்த மல்லிகா காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"மாவடு கூடவா குடுத்தீங்க?"

"கேட்டாங்க..."

படகுக்குள் கைவிட்டுத் தடவினாள். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரலையே!" என்றாள். பிறகு, பசியோடு வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள். ஷெட் படகுக்கே என்றானது. ஒழுகாது என்பதால் இப்போது அதில்தான் எங்கள் விதைநெல் ஊறுகிறது. நான் கடைக்குப் போய்ச் சற்றுத் தாமதமானால், "மாமா கிழக்க கிளம்பிட்டாரா?" என்று செந்தில் போன் பண்ணிக் கேட்பான்.

போன ஆடியில் காற்று எழும்பியதும், என்னையறியாமல் ஷெட்டுக்குப் போய்ப் படகைத் தடவிக்கொண்டு நின்றேன். மல்லிகா பின்னாலேயே வந்து, படகின் விளிம்பில் ஒரு டிபன் பாக்ஸை வைத்தாள்.

"போறதுன்னா இதை எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க சோறு வீட்லயே இருக்கட்டும்."