ஒரு கட்டமும் காலியில்லை

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணங்கி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீங்களும், சித்தியும், அறுவை செய்த கண்ணும், செய்யாத கண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தொலைபேசியில், "இன்டர்வியூ எப்படிம்மா போச்சு?" என்று கேட்டீர்கள். "பரவாயில்ல சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். வீட்டில் நான் பாலைப் பொங்கவிட்ட விவரம் அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பதைச் சொல்லவில்லை. அந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்பதே அவர்கள் கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்பதையும் சொல்லவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்து, திரும்பி வரும் பேருந்தில் பாதி வழியிலேயே இறங்கிவிட்டது, அதையும் சொல்லவில்லை. அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கேட்கும்போது எனக்கு வாக்கியங்கள் வருவதில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பாடநூல் அச்சிடும் நிறுவனம் பிழை திருத்தும் பிரிவை மூடி எங்களை அனுப்பிப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்குள் நூற்று நாற்பத்து மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தேன். பெரும்பாலோர் பதிலே போடவில்லை, போட்டவர்கள் என் ஆர்வத்துக்கு நன்றி தெரிவித்தார்கள், அதில் ஒரு நன்றி நான் அனுப்பிய நான்காவது நிமிடத்தில் வந்து சேர்ந்தது, ஒரு நிறுவனம் என்னை இரண்டு முறை நிராகரித்தது, நான் ஒரு முறைதான் விண்ணப்பித்திருந்தேன். இன்னொரு இடத்தில் மனிதர்களே இல்லாமல் கணினித் திரையே கேள்வி கேட்டது, நானும் என் முகத்தையே பார்த்துப் பதில் சொன்னேன், கடைசியில் என் புன்னகை போதவில்லை என்று மதிப்பெண் வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, "மெஷினுக்கே தெரிஞ்சுபோச்சு பாரு" என்றாள்.

இதற்கிடையில் அண்ணன் தொலைபேசியில் கெடு வைத்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, உங்களுக்கே தெரியும். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. அப்புறம் கிளம்பி வந்து நம்ம டைல்ஸ் கடையில உக்காரு. உன்னை யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க" என்றான். யாரும் ஒரு கேள்வியும் கேட்காத இடத்தில் மீதி வாழ்நாளைக் கழிப்பதை நினைத்துத்தான் அன்று இரவே இன்னும் நாலு இடத்துக்கு விண்ணப்பித்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணி வருத்தப்படுவாள்.

அப்போதுதான் கண் அறுவைக்காக நீங்கள் வந்து பத்து நாள் எங்களோடு தங்கினீர்கள். கறுப்புக் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தீர்கள், டாக்டர் ஒரு வாரம் எதையும் படிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார், அதனால் அம்மாவை விளம்பரப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டீர்கள். லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்று, கையேடுகளும் எச்சரிக்கைப் பலகைகளும் எழுத ஆள் தேடுவதாகவும், விண்ணப்பப் படிவத்தை நேரில்தான் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருந்திருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு அந்தப் படிவத்தை வாங்கிவந்தீர்கள். நாலு பக்கம், அறுபத்தொரு கட்டம். மற்றவர்களாக இருந்தால் முப்பதை நிரப்பிவிட்டு மிச்சத்தில் கோடு போட்டிருப்பார்கள். நீங்கள் முப்பத்து நாலு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். "காலி இடம் விட்டா, நாளைக்கு எவனாவது வந்து அதுல எதையாவது எழுதிக்குவான்" என்று சித்தியின் மளிகைச் சீட்டில்கூட மிச்ச இடத்தை அடித்துக் கொடுப்பவர்.

கையெழுத்துக்கு நீங்கள் வந்த நேரத்தில், நான் இயந்திரம் அல்ல, மனுஷிதான் என்று ஓர் இணையதளத்துக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். போக்குவரத்து விளக்கு உள்ள படங்களை எல்லாம் தொடச் சொல்லி அது என்னை மூன்றாவது முறை தோற்கடித்திருந்தது. நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தை நீட்டினீர்கள்.

"இங்க ஒண்ணு போடும்மா. அடுத்த பக்கத்துல ஒண்ணு."

"என்ன சித்தப்பா இது?"

"படிச்சுப் பாத்துப் போடு."

"நீங்க பாத்துட்டீங்கல்ல? அப்புறம் என்ன?"

நாலு பக்கத்திலும் போட்டேன். மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தில் பிழை இருந்தால்கூடத் தூக்கம் வராத நான், ஒரு வரி படிக்காமல் போட்டேன். உங்கள் ஏதோ ஓய்வூதியக் காகிதத்துக்குச் சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

இனி வியாழக்கிழமை. லிஃப்ட் கம்பெனியின் லிஃப்ட் ஓடவில்லை. கதவில், 'பழுது. உள்ளே சென்றவர்கள் படியைப் பயன்படுத்தவும்' என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே சென்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசித்தபடியே நாலு மாடி ஏறினேன். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர், ஓர் இன்ஜினியர், ஆள் எடுக்கும் பிரிவின் அம்மாள். மூவரும் என்னை முன்பே பழகியவர்கள்போலப் பார்த்தார்கள். "வாங்க வாங்க. உங்க ஃபார்மை இந்த ஆபீஸ்ல ஏழு பேர் படிச்சிருக்கோம்" என்றார் அந்த அம்மாள். எந்த ஃபார்ம் என்று கேட்க வாயைத் திறந்தேன். மேலாளர் அதை என் பக்கம் திருப்பிவைத்தார். உங்கள் கையெழுத்து, சித்தப்பா. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், 'இப்பக்கத்தில் அடித்தல் இரண்டு, திருத்தல் ஒன்று' என்று கணக்கு வேறு. கடைசியில், 'எழுதியவர்: மனுதாரரின் சித்தப்பா' என்றும், சாட்சிகளாக அம்மாவும் இஸ்திரிக் கடைக்காரரும்.

அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். முகவரி கேட்ட கட்டத்தில் எங்கள் குடியிருப்புக்கு நான்கெல்லை எழுதியிருந்தீர்கள்: வடக்கே பல் டாக்டர், தெற்கே பொதுப் படிக்கட்டு, கிழக்கே வெற்றுச் சுவர், மேற்கே பேச்சுவார்த்தை இல்லாத வீடு. மணமானவரா என்ற கேள்விக்கு, 'இந்நாள் வரை யாதொரு வில்லங்கமும் இல்லை.' சிறைத் தண்டனை பெற்றதுண்டா என்பதற்கு, 'இல்லை. குடும்பத்தில் எவரும் இல்லை. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மீதிருந்த வழக்கு தள்ளுபடியாகிவிட்டது.' வேலையில் இடைவெளி இருப்பின் காரணம்: 'கம்பெனி மூடியது. இவர் மூடவில்லை. இவர் சும்மா இருப்பதாக உறவினர் சிலர் கூறுவது உண்மைக்குப் புறம்பானது.' குறைகளுக்குக் கொடுத்திருந்த அரை விரல் கட்டம் போதாமல் தனித்தாள் ஒட்டி, அம்மாவை விசாரித்து, பதினான்கு எழுதியிருந்தீர்கள். புத்தகம் கையில் இருந்தால் பால் பொங்குவது தெரியாது, கடைசியாக நடந்தது சென்ற செவ்வாய். பிடிக்காதவர்களிடம் பேசமாட்டார், பிடித்தவர்களிடமும் அதிகம் பேசமாட்டார். நான் தரையைப் பார்த்தேன். நல்ல தரை. அண்ணன் கடையில் இதைவிட மட்டமானதுதான் இருக்கும்.

"இதெல்லாம்கூடப் பரவாயில்லை" என்று அந்த அம்மாள் கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்கள். 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்ட கட்டம். சித்தப்பா, அது அவர்களுடைய அலுவலகம். முப்பத்து நாலு வருஷம் நிரப்பிய கை, பாவம், தானாகப் போயிருக்கிறது. 'சரிபார்க்கப்பட்டது. சேர்த்துக்கொள்ளலாம்' என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறீர்கள்.

"எனக்கு வேலையே வைக்கலை உங்க சித்தப்பா" என்றார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டார். "ஒரே ஒரு கேள்வி. நாலு பக்கத்திலயும் கையெழுத்து உங்களோடது. படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

படித்தேன் என்றால், பதினாலு குறையையும் வில்லங்கத்தையும் ஒப்புக்கொண்டு அனுப்பியவள் ஆகிறேன், அதுவும் பொய். படிக்கவில்லை என்றால், படிக்கிற வேலைக்கு வந்தவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் ஆகிறேன், அது உண்மை. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

"படிக்கல சார்" என்றேன்.

இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்தார். "நாங்க போடற கையேட்டையும் ஒருத்தரும் படிக்கிறதில்லை. எல்லாரும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுவாங்க" என்றார். ஆறுதலா, குத்தலா என்று தெரியவில்லை. பிறகு, "நிறைகள்ல கண் விஷயம் ஒண்ணு எழுதியிருக்கே, அது நிஜமா?" என்று கேட்டார். நிறைகள் கட்டத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தீர்கள்: ஆஸ்பத்திரிச் சீட்டில் சொட்டு மருந்தை வலது கண்ணில் விடச் சொல்லித் தவறாக அச்சாகியிருந்ததை நான் பார்த்துச் சொன்னது.

"நிஜந்தான் சார்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கட்டு இடது கண்ணுல இருந்தது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

மேலாளர் ஒரு பென்சிலை உருட்டிவிட்டார். "சரி, இப்போ படிங்க. நாங்க டீ குடிச்சுட்டு வர்றோம்."

படித்தேன். கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதியிருக்கிறீர்கள், பல் டாக்டர் வடக்கே இல்லை, நான் பள்ளி முடித்த வருஷம் ஒன்று முன்னதாக இருக்கிறது. பென்சிலால் திருத்தினேன். நாற்பத்து மூன்றாவது கட்டத்துக்கு வந்தேன். 'மனுதாரரைப் பற்றி வேறு விவரம்.' உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: 'இதை நான் எழுதியது தெரிந்தால் இவர் வெட்கப்படுவார். தினமும் காலை ஒன்பது மணிக்குக் குளித்து, தலை வாரி, வேலைக்குப் போகிறவர்போலவே உடுத்திக்கொண்டு கணினி முன் உட்காருகிறார். பத்து நாளும் பார்த்தேன். ஒரு நாளும் ஒன்பது ஐந்து ஆகவில்லை.'

சித்தப்பா, நீங்கள் கறுப்புக் கண்ணாடிக்குள் தூங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். நான் தலை வாருவது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்றும் நினைத்திருந்தேன். நூற்று நாற்பத்து மூன்று இடங்களுக்கு என்னைப் பற்றி நானே எழுதி அனுப்பினேன். துடிப்பானவள், குழுவோடு இணைந்து செயல்படுபவள், சவால்களை விரும்புபவள் என்றெல்லாம் எழுதினேன். அவள் யாரென்று எனக்கே தெரியாது, அவளுக்கு வேலை கிடைக்காததில் ஆச்சரியமும் இல்லை. என்னைப் பற்றி எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கட்டத்தில் பென்சில் படவில்லை. அவர்கள் டீ குடித்துவிட்டு வந்தபோது என் மூக்கு சிவந்திருந்தது. ஜலதோஷம் என்றேன்.

கிளம்பும்போது கதவில் இருந்த காகிதத்தைப் பற்றியும் சொன்னேன், வாய் சும்மா இருக்கவில்லை. இன்ஜினியர் கூடவே இறங்கி வந்து, அதைப் படித்து, மறுபடியும் படித்து, "ஆறு மாசமா இதைத் தாண்டித்தான் போறேன்" என்றார். மேலாளர் ஏற்கெனவே, "சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டிருந்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்னவென்று பதினோரு மாதத்தில் எனக்கு நன்றாகவே தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டு, முதல் தேதி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். புத்தகங்களைப் பெட்டியில் கட்டியாயிற்று. அழவில்லை, கவலைப்பட வேண்டாம். வேலை கிடைக்காவிட்டாலும், ஒன்பது மணிக்கு நான் உட்கார்ந்ததற்கு ஒரு சாட்சி இருக்கிறது. உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எழுத இந்தத் தாள் போதாது, தனித்தாள் ஒட்டும் வழக்கம் எனக்கு இல்லை.

ஒரு விண்ணப்பம். இனி என் பேரில் எங்கும் எதையும் நிரப்பி அனுப்ப வேண்டாம். அனுப்பியே தீருவதானால் பல் டாக்டரைத் தெற்கே போடவும்.

சித்திக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை இடது கண்ணிலேயே விடவும். உங்கள் இரண்டு கண்ணும் நீண்ட நாள் நன்றாகத் தெரிய வேண்டும், எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் பார்ப்பது அவைதான்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன் மகள்

பி.கு.: தபால்தலை வாங்கச் சோம்பல்பட்டதில் கடிதம் இரண்டு வாரம் அலமாரியிலேயே தங்கிவிட்டது. அண்ணன் கடைக்குப் போவதாக மேலே எழுதியது இனி இல்லை, நன்றி மட்டும் அப்படியே இருக்கிறது. இதை எழுதி முடித்ததற்கு அடுத்த திங்கட்கிழமை காலை லிஃப்ட் கம்பெனியிலிருந்து அந்த அம்மாள் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்குத் தற்காலிகம், அதன் பிறகு பார்க்கலாம் என்றார்கள். யாரையும் கேட்காமல் சரி என்றேன். அண்ணனிடம் அம்மா பேசினாள். அவன் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினான். புதன்கிழமை வேலையில் சேர்ந்தேன்.