கடைசி நாலு பக்கம்

அந்தப் பெண் செத்துப்போனாள்.

பசை மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இரண்டாம் முறையும் செத்துத்தான் கிடந்தாள்.

பைண்டிங் பட்டறையில் இருபத்தாறு வருஷமாகப் புத்தகத்துக்குப் பசை தடவுகிறவர் அவர். அச்சாகி வரும் தாள்களை மடிப்பதற்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். இந்த நாவலையும் இரண்டு மாதமாக, அச்சாக அச்சாக, அப்படித்தான் படித்து வந்தார். ஒரு நகரம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு சொல்தான் பேசலாம். மணிக்கட்டில் பூட்டிய வளையம் எண்ணிக்கொண்டே இருக்கும். நூற்றியோராவது சொல்லுக்குச் சிறை. பதினேழு வயசுப் பெண் ஒருத்தி வளையத்தை உடைத்துப் போட்டுவிட்டுச் சந்தையின் நடுவில் நின்று வாய் ஓயாமல் பேசுகிறாள். அங்கிருந்து ஓட்டமும் துரத்தலும்.

கடைசித் தாளில் நாலே பக்கம். முன்புறம் மட்டும் அச்சாகி மை காய்ந்துகொண்டிருந்தது. முதல் பக்கத்தின் அடியில் 'அவள் மூச்சு நின்றது' என்று இருந்தது. நாலாம் பக்கத்தில் பதிப்பக முகவரி. பின்புறம் வெறும் வெள்ளை. அவ்வளவுதான்.

"போச்சு, என் பொண்ணுக்கு என்ன சொல்லுவேன்?" என்று பசை மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் தொலைவூரில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். போன புதிதில் போனில், "சாப்டியா?" "சாப்டேன்." "தூங்கினியா?" "தூங்கினேன்." அத்தோடு சரி. அவர்கள் கையிலும் யாரோ வளையம் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. இந்தக் கதை வந்த பிறகுதான் பேச்சு வந்தது. ஞாயிறு மதியமானால் அவர் கதை சொல்வார், அவள் அறைத் தோழிகளையும் கூட்டி வைத்துக் கேட்பாள்.

"ஹாஸ்டல் வேணாம், வீட்டுக்கு வந்துடறேன்பா" என்று அழுதுகொண்டிருந்தவள், போன வாரம் சொன்னாள்: "அவ ஜெயிச்சா நானும் படிச்சு முடிக்கிறேன். அவ தோத்துட்டா நான் பெட்டியைக் கட்டிடுவேன், சொல்லிட்டேன்."

விளையாட்டாகச் சொன்னாளா, வினையாகச் சொன்னாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அவருக்கு எழுத்தறிவித்தவளே மகள்தான். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு, அவருக்கு முப்பத்தெட்டு வயசு. பட்டறையிலிருந்து கழிவுத் தாள் கொண்டுபோவார். சமையலறைத் தரையில் பரப்பி 'அ' போடச் சொல்வாள். வேலை அலுப்பில் தலை சாய்ந்தால் ஸ்கேலால் முட்டியில் ஒன்று விழும்.

"தூங்கறீங்களா?"

"இல்லம்மா."

"டீச்சர்னு சொல்லுங்க."

"இல்லைங்க டீச்சர்."

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, பட்டறைச் சுவரில் தான் பதினைந்து வருஷமாகச் சட்டை மாட்டிவந்த பலகையை அவர் முதன்முதலாகப் படித்தார். 'இங்கே சட்டை மாட்டக் கூடாது.' வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் டீச்சர் தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். 

ஞாயிறு மதியம் போன் வந்தது.

"அப்பா, என்ன ஆச்சு அவளுக்கு?"

"அவளுக்கென்ன, ஜெயிச்சுட்டா! ஊரே கூடிப் பேசுது. காது கிழியுது!"

அந்தப் பக்கம் நாலு பெண்கள் கத்திய கத்தலில் அவர் காது நிஜமாகவே கிழிந்தது.

"சூப்பர்பா! புத்தகம் வந்ததும் முதல் காப்பி எனக்கு அனுப்பிடுங்க. இங்க வரிசையில நிக்கறாங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்கும் படிக்கத் தெரியுமே!

திங்கட்கிழமை முதலாளி முன்னால் போய் நின்றார்.

"ஐயா, அந்தப் பொண்ணு சாகக்கூடாதுங்க."

"எந்தப் பொண்ணு?"

"புத்தகத்துல."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்யா, பசை தடவுறவன் பசையைத் தடவு. கதையை எழுதினவர் பார்த்துப்பார்."

எழுதினவரை நேரில் பார்த்தால் காலில் விழுந்தாவது கேட்கலாம். ஆனால் அவர் பட்டறைக்கு ஏன் வரப்போகிறார்? தாள் கெட்டுப்போனால் வருவார்! பசை மாமா வாளியைத் தூக்கினார். ஒரு ஓரமாகக் கொஞ்சம் சிந்தலாம் என்றுதான் எண்ணம். கைப்பிடி நழுவி வாளியே கவிழ்ந்துவிட்டது. கடைசித் தாள் அடுக்கு முழுவதும் பசையில் குளித்தது.

"அடப்பாவி! நாளைக்கு வெளியீட்டு விழாய்யா!" முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அதே ரகத் தாள் பாதிதான் மீதி இருந்தது. எழுத்தாளர் வரவில்லை. முதலாளியே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து முகம் தெளிந்து திரும்பினார்.

"பெரிய மனுஷன்யா. கோபமே படலை. முடிவையே மாத்திடறேன்னு சொல்லிட்டார்."

"மாத்திட்டாரா?"

"மாத்தியாச்சு. போய் வேலையைப் பாரு."

பசை மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை நாள் என்றும் பார்க்காமல் மகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, நேத்து நான் சொன்னது பொய். அவ செத்துத்தான் போயிருந்தா. ஆனா இன்னிக்கு நிஜமாயிடுச்சு. உங்கப்பன் ஒரு வாளி பசையைக் கொட்டி அவளைக் காப்பாத்திட்டேன்!"

 போனில் பழைய இரண்டாம் வகுப்புச் சிரிப்பு கேட்டது. நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

"நிஜமாவே பெட்டியைக் கட்டி வச்சிருந்தேன்பா. நீங்க நேத்து சொன்னதை நான் நம்பலை. உங்க குரலே சரியில்லை. இப்ப நம்பறேன். பிரிச்சு அடுக்கிடறேன். புத்தகம் மட்டும் மறக்காம அனுப்புங்க."

சாயங்காலம் புதுத் தாள் வந்தது. நாலு பக்கத்துக்குப் பதிலாக இரண்டே பக்கம் கொண்ட ஒற்றைத் தாள், ஒவ்வொரு புத்தகத்திலும் கையால் ஒட்டவேண்டியது. பசை மாமா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பிரஷை எடுத்தார். ஆறாவது புத்தகத்தில் ஒட்டும்போதுதான் கண் வரியின் மேல் விழுந்தது.

'அவள் மூச்சு நின்றது.'

தாளைத் திருப்பினார். பதிப்பக முகவரி.

"தம்பி, இங்க வா! முடிவை மாத்தியாச்சுன்னு சொன்னாங்களே, இதுலயும் செத்துக் கிடக்கறாளே?"

அச்சு மெஷின்காரர் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"மாத்தினது இதுதான் மாமா. பழசுல பின்புறம், நடுவுல வர்ற ரெண்டு பக்கம் இன்னும் அச்சடிக்காம இருந்துச்சு. அதுல மூச்சை அடக்கிக் கிடந்தவ எழுந்து உட்கார்ந்து ஊரையே பேச வச்சுடுவா. நீங்க பசையைக் கொட்டினீங்களா, தாள் பத்தலைன்னு அந்த ரெண்டு பக்கத்தைத்தான் வெட்டிட்டாங்க."