குனியத் தடை

மாம்பொழில் நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தேட வேண்டாம். தேடுகிறவர்களை அந்நாட்டுக் காவலர்களுக்குப் பிடிக்காது. அங்கே மாமரங்கள் அதிகம், தேர்தல்களும் அதிகம். சென்ற தேர்தலில் இப்போதைய தலைவர், "என் ஆட்சியில் ஒரு பழம்கூடத் தரையில் விழாது" என்று வாக்குக் கொடுத்தார். மக்கள் கைதட்டினார்கள். மாமரங்களிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை.

அந்தக் கோடையில் பழ ஈ வந்தது. பழத்தோலில் ஊசிமுனை அளவுக்குத் துளை போட்டு, உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வெளியே பழம் பளபளவென்று இருக்கும். அறுத்தால் புழு நெளியும். தோப்புகளில் பழங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிகளை ஆராய்ந்துவந்த அல்லியங்கோதையைச் சபைக்கு அழைத்தார்கள்.

"பொறி வைக்கலாம். ஆனால் முதலில், விழுந்த பழங்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். அதற்குள் இருக்கும் புழுதான் மண்ணில் இறங்கி, நாளைக்கு ஈயாக எழுந்து வரும்" என்றாள் அவள்.

கனித்துறை அமைச்சர் நாவுடைநம்பி புருவத்தை உயர்த்தினார். "அம்மையே, நம் நாட்டில் பழம் விழுவதில்லை. தரையில் தங்கியிருக்கும் பழங்கள் சில உண்டு. அவை தங்கட்டும்."

ஆகவே பொறி மட்டும் வைத்தார்கள். வாசனை காட்டி இழுக்கும் அந்தப் பொறியில் ஆண் ஈக்கள் மட்டுமே சிக்கும். செத்த ஈக்களைத் தாம்பாளத்தில் குவித்து, மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டார்கள். முட்டையிடும் பெண் ஈக்கள் ஊர்வலத்துக்கு மேலாகவே பறந்து தோப்புகளுக்குப் போயின.

"பெண் ஈ ஒன்றுகூடச் சிக்கவில்லையே ஐயா" என்றாள் அல்லியங்கோதை.

"அவை நம் ஆட்சியில் மனநிறைவோடு இருக்கின்றன என்பது அதன் பொருள்" என்றார் அமைச்சர்.

சிலர் ஒளிந்து ஒளிந்து பழம் பொறுக்குவது தெரிந்ததும் அடுத்த சட்டம் வந்தது. தோப்புக்குள் எவரும் குனியக் கூடாது. குனிந்தால் தோப்பு அரசுக்குச் சொந்தம். தலைவரைக் காணும்போது குனிவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதன்பின் மாம்பொழில் மக்கள் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு அழுகல் பழங்களின்மேல் நடந்தார்கள். காலுக்கடியில் நசுங்குவதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

உலகப்பனுக்கும் அவர் மனைவி மூக்கம்மாவுக்கும் இருந்த ஒரே சொத்து ஒரு சின்னத் தோப்பு. சட்டம் வருவதற்கு முன் அல்லியங்கோதை தன் முறையைச் சோதித்துப் பார்த்தது அங்கேதான். மூன்று பேருமாகப் பழம் பொறுக்கிக் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஈ குறைந்தது, காய் உதிராமல் மரத்தில் நின்றது. "உங்க புண்ணியத்துலதான் தாயி எங்க வீட்ல அடுப்பு எரியுது" என்று உலகப்பன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். சட்டம் வந்தபின் அந்தத் தோப்பிலும் புழு திரும்பியது.

சட்டத்தை நீக்கச் சொல்லி அல்லியங்கோதை விடாமல் கேட்டாள். கடைசியில் அமைச்சர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். "மக்களே நீதிபதிகள். மைதானத்தில் ஆளுக்கொரு பழம் தருவோம். கடித்துப் பார்த்து, புழு இருந்தால் கை தூக்கட்டும். ஒரே ஒரு கை உயர்ந்தாலும் சட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

புறப்படும்போது மூக்கம்மா சொன்னாள்: "ஒரு கை போதுமாம்ல. ஊர்ல யாரு தூக்காட்டியும் நீங்க தூக்கிருங்க. நான் இங்க காவலுக்கு இருக்கேன்."

"அத நீ சொல்லணுமா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார் உலகப்பன்.

மைதானம் நிரம்பியிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பழத்தைக் கடித்தார்கள். அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஒவ்வொருவர் நாக்கிலும் புழு நெளிந்தது. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். பக்கத்து ஆள் முகம் மாறாமல் மென்றுகொண்டிருந்தார். சரி, நம் பழத்தில் மட்டும்தான் போலிருக்கிறது என்று விழுங்கினார்கள்.

"புழு கண்டவர் கை தூக்கலாம்" என்றார் அமைச்சர்.

மேடையிலிருந்து அல்லியங்கோதை உலகப்பனைத்தான் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு விழுங்கினார்.

"நல்லது. பழம் இனிப்பு என்பவர்கள்?"

மைதானம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. உலகப்பனின் கையும் உயர்ந்தது. முதல் வரிசையில் நின்றதால் நன்றாகவே தெரிந்தது. அல்லியங்கோதையை அங்கேயே வேலையிலிருந்து நீக்கினார்கள். மக்களின் நாக்கை அவமதித்தாள் என்பது குற்றச்சாட்டு.

உலகப்பன் வீட்டுக்கு வந்து பானைத் தண்ணீரில் மறுபடி மறுபடி வாய் கொப்பளித்தார். மூக்கம்மா ஓடிவந்தாள்.

"கை தூக்குனீங்களா?"

"தூக்குனேன்" என்றார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும், நீங்க தூக்குவீங்கன்னு" என்று சொல்லி, பரணில் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனாள். சேலையை இழுத்துச் செருகி, ஊருக்கே தெரியும்படி குனிந்து பழம் பொறுக்கத் தொடங்கினாள்.

வேலியோரமாகக் காவலர் இருவர் வருவதை உலகப்பன் பார்த்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும், அவள் நிமிர்ந்துவிடுவாள். ஆனால் எந்தக் கேள்விக்குக் கை தூக்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் சட்டப்படி நிமிர்ந்து நின்றார்.