அப்பாவைச் செவிடாக்கிய வக்கீல்

நான் ஒரு முட்டாள். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. என் மனைவி பேச்சி ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டதால், மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் சாதாரண முட்டாள், உண்மை கைகொடுக்காத இடத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொள்வான். நானோ உண்மையே போதும் என்கிற இடத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன்.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு பஞ்சாலையில் எனக்கு வேலை. ஆரப்பாளையத்தில் ஒண்டுக்குடித்தனம். நான், பேச்சி, உசிலம்பட்டிப் பக்கமிருந்து எங்களோடு வந்துவிட்ட அப்பா. தங்கச்சி கல்யாணத்தில் நிலம் போனது; நிலத்தோடு கிணறும் போனது. அப்பாவுக்கு மிஞ்சியது மீசை மட்டும்தான். (அந்த மீசையைப் பார்த்தால் நிலம் இன்னும் இருப்பதுபோலத்தான் தோன்றும்.)

இடது கண் இளவயதிலேயே மாடு முட்டிப் போயிருந்தது. இருந்த ஒரே கண்ணிலும் இப்போது புரை. பேச்சி வைக்கிற சோற்றுத் தட்டைத் தடவித்தான் கண்டுபிடிப்பார். "இன்னும் தள்ளிப்போட்டா இதுவும் போயிரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு வசதியில்லை.

அப்போதுதான் மில்லில் விசாரித்தேன். சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அந்த அரசாங்க இன்சூரன்ஸில் தொழிலாளியை நம்பி வாழும் தாய் தகப்பனுக்கும் வைத்தியம் உண்டாம். "அப்பாவுக்கு வேற வருமானம் இல்ல, உன் சம்பளத்துலதான் சாப்புடுறாருன்னு ஆபீஸ்ல சொன்னாப் போதும்ப்பா" என்றார் மில் கிளார்க்.

போதுமாம்! மில்லில் எனக்கு 'வக்கீல்' என்று பட்டப்பெயர். (கேண்டீனில் வடை சின்னதாகிவிட்டது என்று மேனேஜரிடம் வாதாடியதில் கிடைத்தது. வடை கடைசி வரை பெரிதாகவில்லை.) ஒரு வக்கீல் வெறும் உண்மையோடு கோர்ட்டுக்குப் போவானா?

வீட்டில் ஒத்திகை ஆரம்பித்தேன்.

"கேட்டா, மகன்தான் சோறு போடுறான்னு சொல்லணும்ப்பா."

"யாரு யாருக்குடா போட்டது?"

"இப்ப யாரு போடுறதுன்னுதான் கேப்பாக."

"பேச்சியில்ல போடுது" என்றார் அப்பா.

உயிரே போனாலும் 'மகன் சோத்துல இருக்கேன்' என்று அந்த வாயிலிருந்து வராது என்று புரிந்தது. ஆகவே அந்த வாயே வேண்டாம் என்று முடிவு செய்தேன். "ஒமக்குக் காது கேக்காதுன்னு சொல்லிர்றேன். நீரு பேசாம உக்காந்திரும்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல வேட்டியைக் கழற்றச் சொல்லிக் கிழிந்த வேட்டியைக் கட்டவைத்தேன். தோளில் போட, அடுப்படிப் பிடிதுணியாக இருந்த துண்டு. முறுக்கி நின்ற மீசையைத் தண்ணீர் தொட்டு நானே கீழே இழுத்துவிட்டேன். வாசலில் பேச்சி மறித்தாள்.

"ஏங்க, மாமாவ இந்தக் கோலத்துல கூட்டிட்டுப் போனா ஆபரேசனா பண்ணுவாக? தட்டுல காசுதான் போடுவாக."

"உனக்குச் சட்டம் தெரியாது" என்று கிளம்பினேன்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர் வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, சிரிக்காத முகம். நான் வாதத்தைத் தொடங்கினேன். "சார், அப்பாவுக்கு ஒண்ணும் கெடையாது. கண்ணு தெரியாது. காதும் சுத்தமா கேக்காது. பேச்சும் அம்புட்டா வராது..." (இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அப்பா இறந்துவிட்டார் என்றே சொல்லியிருப்பேன்.)

அவர் தலை நிமிராமல், குரலும் உயர்த்தாமல், மதுரைக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் கேட்பதைக் கேட்டார். "பெரியவருக்கு எந்தூரு?"

"உசிலம்பட்டிக்கு மேக்க!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அப்படியொரு கணீர் குரல்.

"அட, நமக்கும் அந்தப் பக்கந்தாண்ணே" என்றார் அவர்.

தீர்ந்தது. ஊர்ப்பக்கத்துக்காரர் முன்னால் அப்பாவை யார் பிடித்து நிறுத்துவது? நாலு ஏக்கர், பம்புசெட்டு வைத்த கிணறு, மயிலைக் காளை ஜோடி என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் மீசை ஒரு முறுக்கு மேலேறியது. எல்லாம் என்றோ விற்றுப்போனவை.

"சார், அதெல்லாம் இப்ப இல்ல சார்! தங்கச்சி கல்யாணத்துல போயிருச்சு!" என்று அலறினேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "காது கேக்காதுன்னு சொன்ன வாய்தானப்பா இது?"

காரியத்துக்கு வேண்டிய உண்மையை அப்போதுதான் சொன்னேன். அதை நம்ப ஆளில்லை. அப்பாவின் அந்த ஒற்றைக் கண் என் வாயாலேயே போகப்போகிறது.

"நீ செத்த வெளிய நில்லு" என்றார் அவர். கதவோரம் நின்றேன்.

"இந்த வருசம் கெணத்துல தண்ணி எப்பிடிண்ணே?"

மீசையிலிருந்து அப்பாவின் கை இறங்கியது.

"வாங்குனவனத்தான் கேக்கணும்."

அவர் மேற்கொண்டு நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "மகன் நல்லா வச்சிருக்கானா?" என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எம்மகனுக்கென்ன! மூணு நேரமும் சுடுசோறு. ராத்திரி கையப் பிடிச்சுக் கொல்லைக்குக் கூட்டிப் போறான். ஒரு கொறை சொல்ல முடியாது. என்ன, கிறுக்குப்பய, அம்புட்டுத்தான்."

நான் தலைகீழாக நின்றும் வாங்க முடியாத வாக்குமூலம் அது. கேட்கத் தெரிந்தவர் கேட்டதும் வந்துவிட்டது. கதவோரம் என் கண்ணிலும் கொஞ்சம் புரை விழுந்தது.

உள்ளே கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். போறப்ப அந்தத் துண்ட மாத்திக் கூட்டிட்டுப் போ. மீனு வாட அடிக்குது."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று எல்லோரும் சுற்றி நின்றோம். அப்பா என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்துவிட்டுப் பேச்சியிடம், "நல்லாப் பேசுனானே, ஆளு இம்புட்டுத்தானா?" என்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் யார் பீற்றிக்கொண்டாலும் "காது கேக்காதவுகளக் கூப்புடுங்க" என்பார்கள். பேச்சியிடமிருந்து பிள்ளைகளுக்கும் அது தொற்றியது.

இப்போது நானும் அப்பா வயதுக்கு வந்துவிட்டேன். முதியவர்களுக்கான அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்காகப் போன மாதம் மகள் என்னைக் கூட்டிப்போனாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "தாத்தாவுக்குச் சொந்த ஊர் எது?" என்றாள்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். "உசிலம்பட்டிக்கு மேக்கம்மா. அந்தக் காலத்துல எங்களுக்கு..."

மகள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அப்பா, உங்களுக்குக் காது கேக்காது."